கடலுக்கடியில் ஒரு தோழி

கடலூரில் வளரும் நமக்குக் கடல் புதிதன்று. தேவனாம்பட்டினத்து மணலில் விளையாடாதவர் நம் பள்ளியில் யார் இருக்கிறார்? ஆயினும் நாம் அறிந்தது கடலின் மேற்பரப்பை மட்டுமே. காற்றுச் சிலிண்டரை முதுகில் சுமந்து கடலடியில் உலவி வரும் 'ஸ்கூபா' முழுகலை, நமக்கு வடக்கே சுமார் 25 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரியில் இன்று கற்பிக்கிறார்கள். அக்கலையைப் பற்றிப் படித்தபோது எங்களைப் பெரிதும் கவர்ந்தது மீன்களோ பவளங்களோ அல்ல. தனியே முழுகலாகாது, துணையோடுதான் இறங்க வேண்டும் என்னும் விதிதான். அவ்விதி ஏன் என்பதை இங்கு விளக்க முயல்கிறோம்.

இது மேல்நாட்டார் கண்டுபிடித்த விதி என்று எண்ணிவிட வேண்டா. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலூன்றி இறங்கி, மூச்சை அடக்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் சிப்பி பொறுக்குவார்கள். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருப்பவர் சுண்டியதும் இழுத்துவிட வேண்டும். அப்படிப் பிடிப்பவர் முழுகுபவரின் மைத்துனராக இருப்பது வழக்கம் என்பார்கள். உடன்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது கண்ணயராமல் இருப்பார் அல்லவா! தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது.

ஸ்கூபாவில் கயிறு இல்லை. 1943-இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, காஞ்ஞான் என்னும் இருவர் அமைத்த கருவியே இதற்கு வழி திறந்தது. சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். அது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே, அழுத்தி அடைக்கப்பட்டது. தூய ஆக்சிஜனோ சுமார் 6 மீட்டருக்குக் கீழே நஞ்சாக மாறக்கூடும்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் அது மூன்று மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று செலவாகும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2400 லிட்டர் காற்று அடங்கும். அவசரத்திற்கென 50 பார் மிச்சம் வைத்தால் எஞ்சுவது 1800 லிட்டர். கரையில் நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு இது 90 நிமிடம் வரும். 20 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடமே. பயந்து மூச்சு வாங்கினால் அதுவும் குறையும். எனவே ஒவ்வொருவரிடமும் தம் வாய்க்கு ஒன்றும் தோழியின் வாய்க்கு ஒன்றுமாக இரண்டு மூச்சுக் குழாய்கள் இருக்கும். ஒருத்தியின் காற்று தீர்ந்தால் மற்றவள் தன் காற்றைப் பகிர்ந்து, இருவரும் சேர்ந்தே மேலேறுவார்கள்.

முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்கினார்; ஸ்கூபாவில் அடக்கவே கூடாது. 10 மீட்டரில் இழுத்த காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். விரைந்து ஏறுவதும் ஆபத்தே. கோலி சோடாவைத் திறந்ததும் குமிழிகள் பொங்குவதைப் பார்த்திருக்கிறோம். ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜனும் அப்படியே பொங்கக்கூடும். ஆகவே நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்குவது வழக்கம்.

இவற்றினும் விந்தையானது ஒன்றுண்டு. 30 மீட்டர் அளவில் அதே நைட்ரஜன் சிலரை மயக்கிவிடும். மயங்கியவர்க்குத் தாம் மயங்கியது தெரியாது. எல்லாம் இன்பமாகவே தோன்றும். அதைக் கண்டுகொள்ளக்கூடியவள் அருகிலிருக்கும் தோழி ஒருத்திதான். கண்டதும் அவள் கட்டைவிரலை மேலே காட்டுவாள். அதன் பொருள் 'மேலே போவோம்' என்பது. 'நன்று' என்று நினைத்துக்கொண்டு கட்டைவிரலைக் காட்டினால், இறங்கிய வேகத்திலேயே திரும்ப வேண்டியதுதான்! நலம் என்பதற்குப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும்.

பழகாத கடற்கரையில் இறங்குவோர்க்கு இன்னொரு துணையும் வேண்டும், அவ்வூர் மீனவர்கள். நீரோட்டம் எத்திசையில் இழுக்கிறது, அடியில் பார் எங்கே, சேறு எங்கே, அறுந்த வலை எங்கே கிடக்கிறது என்பவை எந்த வரைபடத்தையும்விட அவர்களுக்கு நன்கு தெரியும். நம் ஊரையே பாருங்கள். பெண்ணையாறும் கெடிலமும் இங்கே கடலில் கலக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை கொண்டுவரும் வண்டலால் கடல் செந்நிறமாகிவிடும். அந்நாளில் கீழே தன் கையே தனக்குத் தெரியாது. முழுகாமல் கரையில் இருப்பதே நல்லது. ஓரளவு கலங்கிய நீரில் இருவரும் ஒரு சிறு கயிற்றைப் பிடித்துக்கொள்வதுண்டு. மைத்துனரின் கயிறு இப்படித் திரும்பி வந்துவிட்டது! வலையில் சிக்கினாலோ, சிக்கியவர் உதறக் கூடாது. உதறினால் இன்னும் இறுகும். தோழி கத்தியால் அறுத்து விடுவிப்பாள்.

துணை கண்ணுக்கு மறைந்துவிட்டால்? கூவிப் பயனில்லை. நீரில் ஒலி காற்றில் செல்வதைப்போல நான்கு மடங்குக்கு மேல் விரைவதால், எப்பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் புலப்படாது. ஒரு நிமிடம் சுற்றிலும் தேட வேண்டும். காணாவிடில் தேடுவதை நிறுத்தி மெல்ல மேலேற வேண்டும். தோழியைக் கீழே விட்டுவிட்டா வருவது என்று முதலில் எங்களுக்கு மனம் பதறியது. பின்னர்தான் புரிந்தது, அவளும் அதே விதியைக் கற்றவள். அந்த ஒரு நிமிடம் முடிந்ததும் அவளும் மேலேறிக்கொண்டிருப்பாள். கீழேயே தேடி நின்றால், மேலே வந்தவள் நம்மைக் காணாமல் மீண்டும் இறங்குவாள். இருவர் காற்றும் வீணாகும். மேலே வந்தும் அவளைக் காணாவிட்டால் உடனே படகிலுள்ளோரைக் கை அசைத்து அழைத்து, கடைசியாக அவளைப் பார்த்த இடத்தைக் காட்ட வேண்டும்.

– பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர்