மீன் செதில் மாதிரி ஒரு காசு

பிலாய் உருக்காலை எழுந்த நாட்களில் அப்பா அங்கே வேலைக்குச் சேர்ந்தார். உடன் வேலை பார்த்த சோவியத் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது நான்கு வெள்ளித் துணுக்குகளை நினைவாகக் கொடுத்தாராம். "என்னடா இது, மீன் செதிலாட்டம் இருக்கு!" என்பாள் அம்மா. ஒன்றைத் தங்கையின் பழைய கொலுசோடு சேர்த்து ஆசாரியிடம் உருக்கவும் கொடுத்துவிட்டாள். மிஞ்சிய மூன்றும் என்னவென்று தேடப்போய் அறிந்ததே இக்கட்டுரை.

அம்மா சொன்னது சரிதான்! ருஷ்யர்களும் இவற்றைச் 'செஷுயா', அதாவது செதில் என்றே அழைக்கிறார்கள். வெள்ளிக் கம்பியைத் துண்டாக நறுக்கி, தட்டையாக்கி, இரு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்த காசுகள் இவை. துண்டைவிட அச்சு பெரிது. ஆகவே எழுத்துகள் பாதிதான் விழும்.

முதலில் உருவத்தைப் பாருங்கள். நான்காம் இவான் சிறுவனாக இருந்தபோது, அவன் தாய் எலேனா கிளின்ஸ்கயா 1535இல் நாணயங்களைச் சீர்திருத்தினாள். அதன்படி, குதிரைவீரன் கையில் ஈட்டி இருந்தால் கோபெக். வாள் இருந்தால் அதில் பாதி மதிப்புள்ள தெங்கா. பறவை இருந்தால் கால் மதிப்புள்ள பொலுஷ்கா. ருஷ்ய மொழியில் 'கோப்யோ' என்றால் ஈட்டி.

அடுத்து, மறுபக்கத்தில் வரிவரியாக அரசன் பட்டமும் பெயரும் இருக்கும். இவான் 1547இல்தான் ஜார் பட்டம் சூடினான். 'ஜார்' என்ற சொல் இருந்தால் காசு அதற்கு முந்தியதல்ல.

மூன்றாவது எடை. 1535இல் கோபெக் 0.68 கிராம். மிகயீல் ரொமானவ் காலத்தில் 0.48 அளவுக்கு இறங்கிற்று. 1698இல் பீட்டர் அதை 0.28 ஆக்கினார். 1718க்குப் பிறகு இவ்வகைக் காசே இல்லை.

எடையை மட்டும் நம்பி நான் ஏமாந்தேன். இரண்டு காசுகள் 0.27 கிராம் இருந்தன. 0.34 கிராம் தெங்காதான் தேய்ந்துபோச்சு என்று நினைத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கையில் ஈட்டி! பீட்டரின் கோபெக்குகள். மூன்றாவது 0.46, மிகயீல் பெயரின் நடு எழுத்துகள் தெரிந்தன.

வாங்கும்போது கவனம் வேண்டும். இரண்டு காசுகளின் விளிம்பும், விடுபட்ட எழுத்துகளும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால், அவை வார்ப்பில் ஊற்றிய போலிகள். கையால் நறுக்கி அடித்தது அப்படி அமையாது. இன்னொன்று: விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். இருக்கிற எழுத்தும் போய்விடும்.

உருகிய நாலாவது காசு யாருடையது என்பது இனித் தெரியப்போவதில்லை. உங்கள் வீட்டுப் பழைய டப்பாவை ஆசாரியிடம் நீட்டுமுன் ஒருதரம் கொட்டிப் பாருங்களேன்.