ஹிராடோ (காவற்கப்பல்)

ஹிராடோ என்பது இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய ஜப்பானியக் கடற்படையின் காவற்கப்பல் ஆகும். நாகசாகி மாவட்டத்திலுள்ள ஒரு தீவின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. 14 கப்பல்களைக் கொண்ட எட்டோரோஃபு வகுப்பைச் சேர்ந்த இது, 1943 செப்டம்பரில் கட்டி முடிக்கப்பட்டது.

அமைப்பு

இவ்வகுப்புக் கப்பல்களின் எடை சுமார் 870 டன். நீளம் ஏறத்தாழ 78 மீட்டர். மூன்று 120 மி.மீ. பீரங்கிகளும், நீர்மூழ்கிகளைத் தாக்கும் ஆழ்நீர்க் குண்டுகளும் இவற்றில் இருந்தன. மணிக்கு 20 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவே இவற்றின் உச்ச வேகம். அமெரிக்க நீர்மூழ்கிகள் நீர்மட்டத்தில் இதைவிடச் சற்று வேகமாகச் செல்லக்கூடியவை. இரவில் ரேடார் துணையுடன் அவை மேலெழுந்து தாக்கியபோது, இக்காவற்கப்பல்களால் ஈடுகொடுப்பது கடினமாயிற்று.

இறுதிப் பயணம்

தென்கிழக்கு ஆசியாவிலிருந்து எண்ணெய், ரப்பர் முதலியவற்றை ஜப்பானுக்குக் கொண்டு செல்லும் கப்பல் அணிகளுக்குப் பாதுகாப்பளிப்பதே காவற்கப்பல்களின் முக்கியப் பணியாக இருந்தது. 1944 செப்டம்பர் 6 அன்று சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ஹி-72 என்ற அணிக்கு ஹிராடோ தலைமைக் காவலாகச் சென்றது. 1941 டிசம்பரில் வேக் தீவைக் கைப்பற்றிய படைக்குத் தலைமை தாங்கிய ரியர் அட்மிரல் கஜியோக்கா சதாமிச்சி இதில் இருந்தார்.

அணியிலிருந்த ரக்குயோ மாரு, கச்சிடோக்கி மாரு ஆகிய இரு கப்பல்களில் 2,200க்கும் மேற்பட்ட பிரித்தானிய, ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். இவர்களில் பலர், மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் பெருமளவில் மாண்ட சயாம்–பர்மா ரயில் பாதைப் பணியில் உயிர் தப்பியவர்கள். கைதிகள் இருப்பதைக் காட்டும் எந்த அடையாளமும் அக்கப்பல்களில் இல்லை.

மூழ்கடிப்பு

செப்டம்பர் 12 அதிகாலையில், ஹைனான் தீவுக்குக் கிழக்கே தென்சீனக் கடலில், அமெரிக்க நீர்மூழ்கியான குரோலர் ஏவிய டார்பிடோ ஹிராடோவைத் தாக்கியது. கப்பல் விரைவில் மூழ்கியது, கஜியோக்காவும் உயிரிழந்தார். அன்று காலையிலேயே சீலயன் என்னும் நீர்மூழ்கி ரக்குயோ மாருவையும், குரோலர் ஷிகினாமி என்ற நாசகாரிக் கப்பலையும் தாக்கி மூழ்கடித்தன. அன்றிரவு பம்பானிட்டோ என்ற நீர்மூழ்கி கச்சிடோக்கி மாருவை மூழ்கடித்தது.

விளைவுகள்

ரக்குயோ மாருவிலிருந்து தப்பிய ஜப்பானியர்களை எஞ்சிய காவற்கப்பல்கள் முதலில் மீட்டன. கைதிகளில் பெரும்பாலோர் கடலில் கைவிடப்பட்டனர். மூன்று நாள் கழித்து அப்பகுதிக்குத் திரும்பிய பம்பானிட்டோ, மிதவைகளில் எண்ணெய் படிந்த உடலுடன் கிடந்தவர்களைக் கண்டது. தாம் மூழ்கடித்த அணியில் தம் நேச நாட்டு வீரர்களும் இருந்தனர் என்பதை அமெரிக்கர்கள் அப்போதுதான் அறிந்தனர். நான்கு நீர்மூழ்கிகள் சுமார் 150 பேரைக் காப்பாற்றின. ரக்குயோ மாருவில் இருந்த கைதிகளில் 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீட்கப்பட்டவர்களின் வாய்மொழி மூலமே ரயில் பாதைக் கொடுமைகள் வெளியுலகுக்கு விரிவாகத் தெரியவந்தன.

ஹிராடோவை மூழ்கடித்த குரோலரும் 1944 நவம்பரில் தன் குழுவினர் அனைவருடன் கடலில் மறைந்தது. பம்பானிட்டோ இன்று சான் பிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகமாக உள்ளது.