பதினைந்து வயதில் தெரியாமற் போனவை



கல்லூரி வாழ்வை முடித்துப் பல ஆண்டுகள் கழிந்த பின்னர், "இதனை அன்றே யாரேனும் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா!" என்று ஏங்காதவர் அரியர். நானும் அவ்வாறு ஏங்கியவன்தான். ஆகவே, 1978ஆம் ஆண்டு சூன் மாதத்தில், ஒரு தகரப் பெட்டியுடன் செகந்திராபாத் இரயில் நிலையத்தில் வந்து இறங்கிய பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனோடு இன்று சிறிது பேச விரும்புகிறேன். அச் சிறுவன் நானே. பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு எங்கள் பேச்சில் சில பயன்படக் கூடும்.

தம்பி, உன் தந்தையார் இரயில்வே அலுவலர். அவரை ஓராண்டுக்கு முன்னரே, 1977இல், இவ்வூருக்கு மாற்றிவிட்டார்கள். "பையன் ஒன்பதாம் வகுப்பைக் கும்பகோணத்திலேயே முடிக்கட்டும், படிப்பு கெடக் கூடாது" என்று பாட்டியார் உன்னைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். அன்பினால் செய்த காரியம். அதனைக் குறை கூற மாட்டேன். எனினும், அந்த ஓராண்டு உனக்கு என்ன விலையாயிற்று என்பதை நீ 1981இல்தான் அறிவாய். இன்டர்மீடியட் தேறி, தொழிற்கல்லூரி விண்ணப்பத்துடன் ஓர் அலுவலகச் சாளரத்தின் முன் நிற்பாய். உள்ளே இருப்பவர் உன் பள்ளிச் சான்றுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "மூன்று ஆண்டுகள்தாமா? நான்கு வேண்டுமே" என்பார். அவர் கடிந்து பேச மாட்டார். ஆயினும் அந்தச் சொல் நெடுநாள் உன் காதில் ஒலித்துக் கொண்டிருக்கும்.

அஃதென்ன நான்கு ஆண்டுக் கணக்கு என்று கேட்கிறாயா? இந்நாட்டில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. நிஜாம் ஆட்சிக் காலத்திலேயே அரசுப் பணிகளுக்கு 'முல்கி' விதி இருந்தது. பதினைந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவரே இம்மண்ணுக்கு உரியவர் என்பது அதன் கருத்து. வெளியூரார் வந்து கல்வியையும் பதவியையும் கைக்கொள்கின்றனர் என்ற மனக்குறை இங்குப் பல தலைமுறைகளாக இருந்து வந்தது. அதன் பொருட்டுப் பெருங் கிளர்ச்சிகளும் நடந்தன. அவற்றின் முடிவில், 1973ஆம் ஆண்டின் முப்பத்திரண்டாம் திருத்தத்தின் வாயிலாக அரசியலமைப்பில் 371-ஈ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்கீழ் 1974இல் குடியரசுத் தலைவரின் ஆணை வெளிவந்தது. கல்லூரி இடங்களில் நூற்றுக்கு 85 உள்ளூர் மாணவர்க்கு. எஞ்சிய 15 பொது. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடிகின்ற நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இப்பகுதியிற் படித்தவனே உள்ளூர் மாணவன். ஒன்பது, பத்து, இன்டர்மீடியட்டின் இரண்டு ஆண்டுகள். இவையே அந்த நான்கு. நீயோ பத்தாம் வகுப்பில் வந்து சேர்ந்தாய்!

மத்திய அரசு ஊழியரின் மகன் என்ற முறையில் அந்தப் பதினைந்து விழுக்காட்டிற் போட்டியிட உனக்கு உரிமை உண்டு. போட்டியிடுவாய். இடம் கிட்டாது. இதற்காக விதியின்மீது சினம் கொள்ளாதே. தன் மண்ணின் பிள்ளைகள் பின்தங்கிவிடலாகாது என்று ஒரு நாடு கருதுவது முறையே. விதியை அறியாமல் இருந்ததுதான் நம் பிழை. மாநிலம் 2014இல் பிரிந்த பின்னரும் இந்த நான்கு ஆண்டுக் கணக்கு மறையவில்லை. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்குத் தெலங்காணா அரசு 2024இல் வகுத்த இத்தகைய விதியை உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்றுக்கொண்டது.

வேறோர் செய்தி, இதனைப் பல குடும்பங்கள் இன்றும் அறியா. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவர்க்கு உரியவை. அங்கே 'சொந்த மாநிலம்' என்பது பிறந்த ஊரைக் கொண்டோ, தாய்மொழியைக் கொண்டோ கணக்கிடப்படுவதன்று. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் தேறினாயோ அதுவே உன் மாநிலம். ஐதராபாத்தில் தேறிய தமிழ்ப் பிள்ளைக்கு வாரங்கல் சொந்த வீடு. திருச்சிராப்பள்ளி அயல் வீடு! ஆனால் தமிழ்நாட்டுப் பொறியியற் கலந்தாய்வில் நிலைமை வேறு. வெளி மாநிலத்திற் படித்திருந்தாலும், தமிழ்நாட்டைப் பிறப்பிடமாக உடையவர் இருப்பிடச் சான்றிதழ் பெற்று விண்ணப்பிக்கலாம். அங்கே நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிட்டு வரிசைப்படுத்துவர். அச் சான்றிதழைச் சொந்த ஊர் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பெறுவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். தேர்வு முடிவு வந்த பின்னர் அதற்காக ஓடுவது, வெள்ளம் வந்த பின் அணை கட்டுவது போன்றது.

பட்டியல் வகுப்பையும் பழங்குடியையும் சேர்ந்த குடும்பங்கள் மற்றொன்றையும் கருதவேண்டும். ஒரு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர் தம் வகுப்புரிமையைப் புதிய மாநிலத்தின் கல்லூரிகளில் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. உரிமை அழிந்துவிடவில்லை, பிறந்த மாநிலத்தில் அது நிற்கிறது, மத்திய அரசின் கல்வி நிலையங்களிலும் செல்லும். ஆகையால் அத்தகைய பிள்ளைக்கு ஐதராபாத்திலேயே உள்ள மத்தியப் பல்கலைக்கழகமும், 2008இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஏனையவற்றினும் அணுக்கமான வாயில்கள்.

சான்றிதழ்ப் பேச்சு போதும். இனிப் படிப்புக்கு வருவோம்.

நீ தமிழ் வழியிற் படித்தவன். புதிய பள்ளியில் முதல் வாரம் ஆசிரியர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்பார், நீ விழிப்பாய். வகுப்பு சிரிக்கும். மாலையில் பாடநூலைத் திறந்து பார்த்தால், அவர் கேட்டது ஒளிச்சேர்க்கையைப் பற்றித்தான் என்று தெரியும். அதனை நீ கும்பகோணத்தில் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியவன்! பொருள் தெரியும், அதற்கு இங்கே வழங்கும் பெயர் தெரியாது. இதனை அறிவின்மை என்று எண்ணி நீ இரண்டு ஆண்டுகள் வாய் திறவாமல் பின் வரிசையில் அமர்ந்திருப்பாய். அதுதான் என் பெரும் வருத்தம். கைக்கு அடக்கமான ஒரு குறிப்பேடு வாங்கு. இடப்புறம் தமிழ்ச் சொல், வலப்புறம் ஆங்கிலச் சொல். நாளைக்குப் பத்துச் சொற்கள் எழுதினால் மூன்று மாதத்தில் நீ கரை ஏறிவிடுவாய்.

இந்த இடர் உனக்கு மட்டும் வந்ததன்று. நீ நாள்தோறும் கடந்து செல்லும் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தையே எண்ணிப் பார். 1918இல் நிறுவப்பட்ட அது, உயர்கல்வி முழுவதையும் உருதுமொழியிற் கற்பித்தது. அதற்கெனவே அதற்கு முந்திய ஆண்டில் ஒரு மொழிபெயர்ப்பு நிலையம் தொடங்கி, அறிவியல், மருத்துவம், பொறியியல் ஆகியவற்றுக்கு ஆயிரக்கணக்கான கலைச்சொற்களைப் படைத்தனர். தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் உருதுவில் வேதியியல் கற்றார்கள். 1948க்குப் பின் பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. கற்றவரும் கற்பித்தவரும் மீண்டும் சொல் தேடினர். ஒரு பல்கலைக்கழகமே இருமுறை செய்த வேலையை நீ ஒரு முறை செய்யலாகாதா?

தெலுங்கையும் படி. பேசக் கற்றால் மட்டும் போதாது. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வேண்டும். பேருந்துப் பலகையும் கல்லூரி அறிவிப்பும் அதில்தான் இருக்கும். கடைத்தெருவில் வழங்கும் தக்கணி உருது தானாக வரும். 'நக்கோ' என்று சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி ஊர் உனக்கு உறவு.

பாடப்பிரிவைப் பற்றி ஒரு சொல். பத்தாம் வகுப்பு முடிந்ததும், "என்ன குரூப்?" என்று எல்லாரும் கேட்பார்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் என்பதை எம்.பி.சி. என்றும், உயிரியல் சேர்ந்ததைப் பை.பி.சி. என்றும் வழங்குவர். பக்கத்து வீட்டார் மகன் எதை எடுத்தானோ அதை நீயும் எடுப்பாய். அதற்கு முன் ஒரு மாலைப் பொழுதில், மேற்படிப்பு நூல் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, எந்தப் பாடத்தை யாரும் ஏவாமல் ஒரு மணி நேரம் படிக்க முடிகிறது என்று உன்னையே சோதித்துப் பார். எந்த அறிவுரையாளரையும் விட அது நம்பத்தக்கது.

இன்டர்மீடியட்டின் முதல் ஆண்டை விளையாட்டாகக் கழிக்காதே. இங்கு நெடுங்காலம் வழங்கிய முறைப்படி எம்.பி.சி. பிரிவின் 1000 மதிப்பெண்ணில் 470 முதலாண்டுக்கு, 530 இரண்டாம் ஆண்டுக்கு. இரண்டாம் ஆண்டில் நீ எவ்வளவு முயன்றாலும், முதலாண்டில் சிந்தியதை முழுதும் அள்ள முடியாது. பிடித்த பாடம் ஒன்றிலேயே மூழ்கியும் விடாதே. நம் கும்பகோணத்துக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுசன், கணிதத்தைத் தவிர மற்றவற்றைப் புறக்கணித்தமையால் அவ்வுதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. உலகம் போற்றும் மேதைக்கே அப்படியானால், நாற்பது மதிப்பெண் ஆங்கிலத்தோடு நீ என்ன செய்வாய்?

படிக்கும் வகையிலும் நீ ஒரு தவறு செய்வாய். ஒரே பக்கத்தை ஏழு முறை வாசித்து, மனத்திற் பதிந்துவிட்டது என்று நம்புவாய். நூலை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் நினைவில் உள்ளதை எழுதிப் பார். விட்டுப்போனவை அப்போது பல்லிளிக்கும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் அதையே செய். மனிதன் எவ்வளவு விரைவில் மறக்கிறான் என்பதை எபிங்கவுசு என்ற செர்மானிய அறிஞர் தம்மையே சோதித்து 1885இல் வெளியிட்டார். தொண்ணூறாண்டு கழிந்தும் மெட்டுகுடாவில் வாழும் உனக்கு அது எட்டவில்லை! அப்சல்கஞ்சில், மூசி ஆற்றங்கரையில், 1891இல் ஆசபியா நூலகமாகத் தோன்றிய அரசு மைய நூலகம் இருக்கிறது. நான் அதன் படியேறியது பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில். நீ இந்த ஞாயிறே போ.

தமிழர் இவ்வூருக்கு வந்தேறிகள் என்று கூச்சப்படாதே. செகந்திராபாத்தின் மகபூப் கல்லூரியை 1862இல் பள்ளியாகத் தொடங்கியவர் சோமசுந்தர முதலியார் என்னும் தமிழர். சிகாகோவுக்குச் செல்லுமுன், 1893 பிப்ரவரியில், விவேகானந்தர் அங்கேதான் சொற்பொழிவாற்றினார். இதே ஐதராபாத்தில் வளர்ந்த வங்காளச் சிறுமி சரோஜினி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேசன் தேர்வைப் பன்னிரண்டாம் வயதில் தேறினார். பின்னர் உடல் நலிந்து ஒழுங்கான படிப்பு தடைப்பட்டது. பதினாறு வயதில் நிஜாமின் உதவித்தொகையோடு இங்கிலாந்து சென்று கற்றார். இடையில் நின்ற காலத்தை எண்ணி எவரும் அவரைக் குறைவாக மதிக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தேர்வு முடிவு வரும் நாளைப் பற்றி உன்னிடம் அஞ்சாமற் பேசவேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரலில் இம்மாநில இன்டர்மீடியட் முடிவுகளிற் பிழைகள் நேர்ந்தன. அந்நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். தவறியோர் அனைவருடைய விடைத்தாள்களையும் கட்டணமின்றி மீண்டும் சரிபார்க்க அரசு ஆணையிட்டது. ஆனால் போனவர்கள் போனவர்களே. மதிப்பெண் பட்டியல் மனிதர் கூட்டிக் கணக்கிட்ட தாள். அதைத் திருத்தக் கேட்கலாம். துணைத்தேர்வு சில வாரங்களில் வருகிறது, ஓராண்டுகூட வீணாவதில்லை. பெற்றோரே, முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்; முதற் கேள்வியாக மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். மனம் கலங்கியவர் எந்நேரமும் பேசுவதற்கு 14416 என்ற இலவச எண்ணை மத்திய அரசு 2022 முதல் நடத்துகிறது. அதில் தமிழிலும் பேசலாம்.

1981இல் இடம் கிடைக்காத அன்று தந்தையார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆல்பா ஓட்டலுக்கு அழைத்துச் சென்று தேநீர் வாங்கிக் கொடுத்தார். பின்னர் நான் பி.எஸ்ஸி. சேர்ந்தேன், ஆசிரியனானேன். அந்த வாழ்வில் எனக்குக் குறையில்லை.

சென்ற ஆண்டு எங்கள் தெருவுக்குத் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி ஒருவர் வந்தார். மகள் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். "ஐயா, ஒன்பதாம் வகுப்பை மட்டும் ஊரிலேயே தாத்தா வீட்டில் இருந்து முடிக்கட்டும் என்று பார்க்கிறோம்; படிப்பு கெடக் கூடாதல்லவா?" என்று என்னிடம் வந்து கேட்டார். நான் ஒரு தாளை எடுத்து, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எழுதி, ஒவ்வொன்றின் கீழும் கோடிட்டுக் காட்டினேன். அவர் அத் தாளைச் சிறிது நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். அன்று மாலையே மகளுக்கு இரயில் சீட்டு எடுக்கப் புறப்பட்டுவிட்டார்.