கரிசல் மண்ணில் ஓடும் கால்கள்

மழை நாளில் தெருவில் சேறு தேங்கியிருந்தால் நாம் என்ன செய்கிறோம்? புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, கல் கல்லாகப் பார்த்துக் கால் வைத்து, "அப்பாடா!" என்று தாண்டிப் போகிறோம். அதே சேற்றில், கைக்காசைக் கட்டி, வேண்டுமென்றே விழுந்து புரண்டு எழுந்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் நகருக்கு அருகே 1987-ஆம் ஆண்டு 'டஃப் கை' என்ற பெயரில் இப்படி ஒரு பந்தயம் தொடங்கியது. சகதிக் குட்டை, கயிற்று வலை, உயரமான மதில் எல்லாவற்றையும் நடுங்கும் குளிரில் கடந்து ஓட வேண்டும். அது பிறகு அமெரிக்காவுக்குப் போயிற்று. 2012 முதல் 'டெவில்ஸ் சர்க்யூட்' என்று நம் தேசத்துக்கும் வந்துவிட்டது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஐந்திறப் போட்டியிலிருந்து குதிரைச் சவாரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தடை தாண்டும் ஓட்டத்தையே வைத்திருக்கிறார்கள்!

"வேலையற்ற வேலை!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. நம் பக்கத்திலேயே, காசு கட்டாமல், பதக்கமும் எதிர்பார்க்காமல், இதே மாதிரி ஓட்டத்துக்குப் பாடுபடுகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு அல்ல, மாதச் சம்பளம்.

வானம் பார்த்த பூமி

மதுரைக்குத் தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிறது அருப்புக்கோட்டை. தறிச் சத்தமும் மல்லிகை வாசமும் உள்ள ஊர். அதற்குக் கிழக்கே, ரமண மகரிஷி 1879-ல் பிறந்த திருச்சுழி. இடையில் எல்லாம் வானம் பார்த்த பூமி. பருத்தி, மல்லி, குதிரைவாலி விளையும் கரிசல். விட்ட இடமெல்லாம் சீமைக் கருவேல். மழை தவறினால் கண்மாய் வெடித்துக் கிடக்கும். குண்டாறு வருஷத்தில் பெரும்பாலும் மணலாகத்தான் இருக்கும்.

இந்த மண்ணில் வயலை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு ஒரு சர்க்கார் உத்தியோகம் என்பது வற்றாத கிணறு மாதிரி. தமிழ்நாட்டுக் காவல் துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-ல். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. இன்று, பத்தாவது தேறிய கிராமத்துப் பெண்ணும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு எழுதிப் போடலாம். எழுத்துப் பரீட்சைக்குப் புத்தகம் இருக்கிறது. உடல் திறன் பரீட்சைக்கு? அதற்குத்தான் விடியற்காலையில் கண்மாய்க் கரையில் ஓட வேண்டியிருக்கிறது.

புடவைக் கணக்கு

அண்மைக் கால அறிவிப்புகளின்படி கணக்கு இதுதான். எழுத்துக்கு 70 மதிப்பெண், உடல் திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. முதலில் உயரம் அளப்பார்கள். பெண்களுக்கு 159 சென்டிமீட்டர் வேண்டும். ஆதி திராவிடர், பழங்குடியினருக்கு 157. ஆகவே, ஓட ஆரம்பிக்கும் முன் சுவரில் நிறுத்தி மகளின் உயரத்தை அளந்துவிடுங்கள். எந்தப் பயிற்சியும் உயரத்தைக் கூட்டாது. வீண் ஆசையை வளர்த்துப் பிறகு அழ விடுவதைவிட இது நல்லது.

அடுத்து 400 மீட்டர் ஓட்டம். இரண்டரை நிமிஷத்தில் முடிக்க வேண்டும். இதைக் கேட்டதும் பலருக்குக் கை கால் உதறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு மீட்டருக்கு முப்பத்தேழரை விநாடி. கிளம்பப் போகிற பஸ்ஸைப் பிடிக்கப் பையோடு ஓடுகிறோமே, அதைவிட நிதானமான ஓட்டம்தான்! இதில் நிற்காமல் ஓடினால் போதும்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகு. நீளம் தாண்டுதலில் 3 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 3.75 மீட்டருக்கு இரண்டு. நாலு கிலோ குண்டை 4.25 மீட்டர் எறிந்தால் ஒன்று, 5.50 எறிந்தால் இரண்டு. குண்டு வேண்டாமென்றால் கிரிக்கெட் பந்து. நூறு மீட்டரை 17.5 விநாடியில் ஓடினால் ஒன்று, 15.5 விநாடியில் ஓடினால் இரண்டு. இல்லையேல் 200 மீட்டர் ஓடலாம். நட்சத்திரத்துக்குத் தக்கபடி மதிப்பெண். இரண்டே விநாடி! தோசையைத் திருப்பிப் போடும் நேரம். அதில்தான் ஒரு குடும்பத்தின் தலைவிதி ஊசலாடுகிறது.

மைதானம் இல்லையே, அளவு நாடா இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நெசவூர்க்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? ஐந்தரை மீட்டர்ப் புடவை பதினெட்டின் நீளம் 99 மீட்டர். ஒரே புடவையைப் பதினெட்டு தடவை நீட்டி அளந்து, ஒரு பெரிய எட்டு வைத்துக் கோடு கிழித்தால் ஓடுதளம் தயார். நீளம் தாண்டுதலின் இரண்டு நட்சத்திரம், ஒரு புடவையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே அதிகம்.

மண்ணோடு ஒரு சமாதானம்

கரிசல் ஒரு பொல்லாத மண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் கால் மாட்டினால் கணுக்கால் போயிற்று. மழை பெய்தாலோ, செருப்போடு அப்பிக்கொண்டு ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு பிடி கனம் ஏறும். ஆகவே வேக ஓட்டத்துக்குச் செம்மண் பாதையோ கெட்டியான கரையோ பாருங்கள். முதல் வேலை, தடத்தைப் பெருக்குவது. சீமைக் கருவேல முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். ஒரு முள், பத்து நாள் பயிற்சியைத் தின்றுவிடும்.

தாண்டிக் குதிக்கும் இடத்தில் ஒரு முழ ஆழம் தோண்டி, மணலிட்டு நிரப்ப வேண்டும். காய்ந்த கரிசலில் குதிப்பது கல்லில் குதிப்பதற்குச் சமம், முழங்கால் தாங்காது. வற்றிய ஆற்று மணலில் வாரம் ஒரு நாள் ஓடினால் கெண்டைச் சதை இறுகும்.

சேற்றைக் கடப்பதற்கும் ஒரு வித்தை உண்டு. நீள எட்டு வைத்தால் வழுக்கும். குட்டை எட்டாக, பாதம் முழுதும் பதியும்படி, நிற்காமல் போக வேண்டும். நின்றால் கால் புதையும். நாற்று நடும் பெண்களைக் கேளுங்கள், சொல்லுவார்கள். காவலர் பரீட்சையில் சேறு கிடையாது. ஆனால் தேர்வான பிறகு பயிற்சிப் பள்ளியில் தடை தாண்டும் பயிற்சி காத்திருக்கிறது. சேற்றில் இறங்கிவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். காலில் காயம் இருக்கும்போது தேங்கிய நீரில் இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். தடுப்பு ஊசி விஷயத்தை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத் திட்டம்

முதல் மாதம் ஆத்திரப்படாதீர்கள். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை; அரை மணி, வாரம் நாலு நாள். இரண்டாம் மாதம் ஒரு நாள் 400 மீட்டர், ஒரு நாள் அறுபது மீட்டர் வேக ஓட்டம் ஆறு தடவை, நடுவில் மூச்சு அடங்கும் வரை ஓய்வு. மற்ற இரண்டு நாள் தாண்டுதலும் எறிதலும். மூன்றாம் மாதம், வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் பரீட்சை மாதிரி வரிசையாகச் செய்து, நேரத்தைக் குறிக்க வேண்டும். பால் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கடைசி வாரம் உடம்புக்கு ஓய்வு. வெயில் ஏறும் முன், ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

பாதிப் பயிற்சி அடுப்படியில்

இனி நம் ராஜ்யம்! 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்த சோகை. நூற்றுக்கு ஐம்பத்து மூன்று! ரத்தம் இல்லாத உடம்பை ஓடு ஓடு என்று விரட்டுவது, எண்ணெய் இல்லாத வண்டியை உதைப்பது போல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைச் சோதித்து, டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் தவறாமல் போடச் சொல்லுங்கள். முருங்கைக் கீரை, கேழ்வரகு, கம்பங்கூழ், குதிரைவாலிச் சோறு, வேர்க்கடலை, முட்டை எல்லாம் எட்டிய விலையில் கிடைப்பவை. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது. ஓடி வந்ததும் உப்பிட்ட நீர்மோர். மாதத்தின் அந்த மூன்று நாளும் படுத்தே கிடக்க வேண்டும் என்பதில்லை; உடம்பு சொல்லுகிறபடி குறைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தடை

ஒன்றை மறந்துவிட்டேன். வலையும் மதிலும் பெரிய தடைகள் அல்ல. விடியற்காலை ஐந்து மணிக்கு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாதான் பெரிய தடை!

"ஏத்தா, வயசுப் பிள்ளை கால்சட்டையை மாட்டிக்கிட்டு ரோட்டிலே ஓடுனா ஊரு என்ன சொல்லும்?"

இந்தக் கேள்விக்குப் பயந்து நின்றுபோன கால்கள் எத்தனையோ. இதற்கு மருந்து சண்டை அல்ல. தாயார் ஒரு நாள் தானும் கூடப் போய்க் கரையில் உட்கார வேண்டும்; கையில் செல்போனை வைத்துக்கொண்டு விநாடி எண்ண வேண்டும். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஓடினால் ஊர் வாய் தானே மூடும். அப்பத்தாவையும் அழைத்துப் போய், "நீங்களே சொல்லுங்க அத்தை, போன வாரத்தைவிடப் பேத்தி தள்ளித் தாண்டினாளா இல்லையா?" என்று மணல் குழியருகே நிறுத்திப் பாருங்கள். இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து, மைல் கணக்கில் நடந்த கால்கள் அவருடையவை. அந்தக் கால்களின் பலம்தான் பேத்திக்கு வந்திருக்கிறது என்பது அவருக்கே புரிந்துவிடும்.

நகரத்தில் இருக்கிற சகோதரிகளே, அடுத்த முறை தெருமுனையில் வெயிலில் நிற்கும் பெண் காவலரைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்தப் பாதத்தில் எங்கேனும் ஒரு கருவேல முள்ளின் தழும்பு இருக்கலாம். உங்கள் வீட்டுப் பெண்ணும் என்றாவது, "அம்மா, நாளை காலையில் நான் ஓடப் போகிறேன்" என்று சொல்லுவாள். அப்போது "எதற்கடி?" என்று கேட்காதீர்கள். அலாரத்தை வைத்துவிட்டு, மோருக்கு உறை ஊற்றுங்கள்.