பீன்ஸ் அவரையின் வேரும் வளர்ச்சிப் பாங்கும்

பீன்ஸ் அவரையில் செடி இரகம், கொடி இரகம் என இரு வகை உண்டென்பது நீலகிரி, கொடைக்கானல் குடியானவர்கள் அறிந்ததே. பயிர் ஆராய்ச்சியாளர் அவற்றை நான்காக வகுப்பர். முதல் வகையில் தண்டின் நுனி பூங்கொத்தாக முடிவதால் செடி குட்டையாய் நின்றுவிடும். இரண்டாவது, நுனி முடிவுறாது நிமிர்ந்து வளர்வது. மூன்றாவது தரையிற் படர்வது. நான்காவது கொழுகொம்பைச் சுற்றி ஏறுவது. மெக்ஸிகோவிலும் ஆண்டீஸ் மலைச் சரிவுகளிலும் தானே முளைக்கும் காட்டு பீன்ஸ் கொடியேயாகும். குட்டைச் செடி மனிதர் பொறுக்கி வளர்த்ததால் வந்தது.

கண்ணுக்குப் புலப்படும் இக்குணங்களைக் கொண்டே நெடுங்காலம் விதைத் தேர்வு நடந்து வந்தது. மண்ணுக்குள் இருக்கும் வேற்றுமையைக் கவனித்தவர் சிலரே. தாராளமாக உரமிட்ட பண்ணையில் எத்தகைய வேரும் போதுமானதாகிவிடும். அங்கே முதலாவதாக நின்ற இரகம், உரம் வாங்க வகையற்றவன் நிலத்தில் சோர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பீன்ஸ் விதை முளைத்ததும் ஆணிவேர் கீழிறங்கும். அதன் தலைப்பில், முளைத்தண்டு சேருமிடத்தில், அடுக்கடுக்காகப் பக்கவேர்கள் கிளம்பும். அவற்றை அடிவேர்கள் என்போம். இவ்வடுக்குகள் இரகத்துக்கு ஏற்ப ஒன்று முதல் நான்கு வரை இருக்கும். மேலடுக்கு வேர்கள் கிடையாக ஓடும். கீழடுக்கு வேர்கள் சரிந்து ஆழமாக இறங்கும். மணிச்சத்து மண்ணில் எளிதில் நகர்வதன்று. பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கும். ஈரமோ, மழை நின்றபின் ஆழத்திற்றான் கிடைக்கும். ஆகவே மணிச்சத்துக்கு நல்ல வேர் வறட்சிக்கு நல்லதாயிராது. அடுக்குகள் மிகுந்த இரகம் இரண்டிடத்தும் வேர் பரப்பக்கூடியது.

பீன்ஸ் ஏழை மக்களின் முக்கிய உணவாயுள்ள ஆப்பிரிக்காவில் இவ்வாராய்ச்சி பெரிதும் பயன்படுகிறது. மொஸாம்பிக் நாட்டில் மணிச்சத்துக் குறைந்த நிலத்தில் செய்த சோதனை 2015-இல் வெளியாயிற்று. நீண்ட வேர்த்தூவிகள் மட்டும் உள்ளவை 89 சதவிகிதமும், கிடையான அடிவேர் மட்டும் உள்ளவை 58 சதவிகிதமும் மிகுதியாக வளர்ந்தன. இரண்டும் சேர்ந்திருந்தவையோ 298 சதவிகிதம் மிகுதியாக வளர்ந்தன! ஒவ்வொரு குணத்தையும் தனியே எடைபோடுவோர் இதை மறக்கலாகாது.

கொடி இரகத்துக்கு ஆயுளும் இலையும் அதிகமாதலால் நீரும் சத்தும் அதிகமாக வேண்டும். ருவாண்டாவின் மலைக் காடுகளில் அது செடி இரகத்தைவிடப் பன்மடங்கு விளைந்து பரவியது. கொழுகொம்புக்கு மரம் போதாமைதான் அங்கே பெருந்தொல்லை.

அடுக்குகளை எண்ணுவது எளிது. விதையை ஈரக் காகிதச் சுருளில் முளைக்கவிட்டால் சில நாட்களில் அவை கண்ணுக்குத் தெரியும். ஆனால் வேரின் சாய்வைக் காகிதத்திற் கண்டு முடிவு செய்யலாகாது; மணிச்சத்துக் குறைந்தால் சில இரகங்களின் அடிவேர் மேலும் கிடையாகத் திரும்பும். ஆதலால், பயிரிடப் போகும் நிலத்திலேயே, பூக்கும் பருவத்தில் இரகத்துக்கு நான்கைந்து செடிகளை வேர் அறாமல் மண்வெட்டியால் அகழ்ந்து, கழுவிப் பார்த்தல் வேண்டும்.