காசின் உலோகமும் காசுச் சொற்களும்: மாதனூரில் கிடைத்த மூன்று ரூபாய்களை முன்வைத்து

முன்னுரை

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே அமைந்த மாதனூரில் தோல் பதனிடும் தொழிற்சொற்களைத் தொகுக்கச் சென்றபோது, முதியவர் ஒருவர் தோற்பை ஒன்றிலிருந்து மூன்று ரூபாய்க் காசுகளை எடுத்துக் காட்டினார். அவை 1919, 1944, 1947 ஆகிய ஆண்டுகளுக்குரியன. மூன்றும் வெள்ளி ரூபாய் என்றும், மகளிர் மூவர்க்கும் ஆளுக்கொன்றாகக் கொடுக்க வைத்திருப்பதாகவும் அவர் கூறினார். உண்மையில் முதற்காசில் ஏறத்தாழ 10.69 கிராம் வெள்ளியும், இரண்டாவதில் 5.83 கிராம் வெள்ளியும் உண்டு; மூன்றாவதில் வெள்ளி அறவே இல்லை. ‘வெள்ளிக்காசு’ என்னும் சொல் உலோகத்தைக் குறிக்கிறதா, நிறத்தைக் குறிக்கிறதா என்ற வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

மாற்றும் நிறையும்

1835ஆம் ஆண்டு ஒருசீராக்கப்பட்ட கும்பினி ரூபாய் 180 கிரெயின் நிறையுடையது, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. இவ்வளவை ஒரு நூற்றாண்டுக்கு மேல் மாறவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து வெள்ளித் தட்டுப்பாட்டால் 1940இல் நூற்றுக்கு 50 வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம் என நால்வகைக் கலவை நடைமுறைக்கு வந்தது. 1947இல் ரூபாய் தனி நிக்கலாயிற்று. தலை பொறித்த வடிவும் வெண்மையும் தொடர்ந்தமையால் மக்கள் வழக்கில் சொல்லும் மாறாது நின்றது.

தமிழில் இவ்வேறுபாட்டைக் குறிக்கச் சொல் இல்லை என்பதற்கில்லை. உலோகத் தூய்மைக்கு ‘மாற்று’ என்றும், எடைக்கு ‘நிறை’ என்றும் தனித்தனியே வழங்கினோம். பத்தரை மாற்றுப் பொன் என்னும் வழக்கு இன்றும் பேச்சில் உண்டு. அதன் பின்னுள்ள அளவுமுறைதான் மறந்துபோயிற்று. சோழர் காலக் கல்வெட்டுகள் ‘துளைநிறைச் செம்பொன்’, ‘தீப்போக்குச் செம்பொன்’ எனச் சோதிக்கப்பட்ட பொன்னைப் பிரித்துரைக்கின்றன. ‘அன்றாடு நற்காசு’ என்பது அன்று செல்லுபடியாகும் குற்றமற்ற காசு. காசு நோட்டம் பார்ப்பவன் ‘வண்ணக்கன்’ எனப்பட்டான். வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் ஆகிய சங்கப் புலவர் பெயர்களில் இத்தொழிற்பெயர் நிலைத்துள்ளது நோக்கத்தக்கது. புலமைக்கும் நாணயச் சோதனைக்கும் இடையே இருந்த இத்தொடர்பு தனியே ஆராயத்தக்கது. இங்கு அதற்கு இடமில்லை.

சோதனை முறை

காந்தம் முதற்சோதனையாக உதவும், ஆயின் போதாது. நிக்கல் ரூபாயைக் காந்தம் ஈர்க்கும், வெள்ளியை ஈர்க்காது. எனினும் 1975 முதல் வெளிவந்த செம்பு-நிக்கல் ரூபாயும் (75:25) காந்தத்திற்கு இசையாது. ஆகவே ‘காந்தம் ஒட்டவில்லை, எனவே வெள்ளி’ என்னும் வாதம் பிழை. உரைகல்லில் தேய்ப்பது காசைக் காயப்படுத்தும். சேகரிப்புக்கு உரிய வழியன்று.

ஒப்படர்த்தி காணலே சேதமற்ற முறை. காசைக் காற்றில் நிறுத்து, நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி மீண்டும் நிறுக்கவேண்டும். 11.66 கிராம் காசு பழைய மாற்றினதாயின் நீரில் ஏறத்தாழ 1.13 கிராமும், நால்வகைக் கலவையாயின் 1.22 கிராமும், நிக்கலாயின் 1.31 கிராமும் குறையும். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் நகைக்கடைத் தராசு இதற்குப் போதும். தேய்ந்த காசில் இக்குறைவும் விகிதப்படியே சிறுத்துவிடும்; ஆதலால் காற்று நிறையைக் குறைவால் வகுத்த ஈவையே பதியவேண்டும். எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனை விரைவானது. ஆயினும் அது மேற்பரப்பை மட்டுமே காணும். கலப்பு வெள்ளிக் காசின் புறத்தே செம்பு அரிந்து வெள்ளி மிகுந்து தோன்றுவதுண்டு.

சொற்கள்

‘பூவா தலையா’ என்னும் வழக்கு காசின் இருபுறத்தையும் குறிக்கும். ஆற்காட்டு ரூபாயில் பூவும் தலையும் இவ்வாறு எதிரெதிர் அமைவதில்லை. இருபுறமும் பாரசீக எழுத்தே. ஆதலின் அரசன் பெயருள்ள புறத்தை ‘முகப்பு’ என்றும் மற்றதைப் ‘பின்புறம்’ என்றும் கொள்வதே பொருந்தும். ஆற்காடு என்று பொறித்திருப்பதாலேயே அது ஆற்காட்டில் அச்சிடப்பட்டதாகாது. பிரெஞ்சுக்காரர் 1736இலும், ஆங்கிலேயர் 1742இலும் இக்காசு அடிக்கும் உரிமை பெற்றனர். பிறைக்குறி புதுச்சேரியையும், தாமரைக்குறி சென்னையையும் காட்டும். சென்னைக் காசில் காணும் ஹிஜ்ரி 1172 என்பதும் அச்சிட்ட ஆண்டன்று; இரண்டாம் ஆலம்கீர் மறைந்து நெடுங்காலம் கழித்தும் அதே ஆண்டைப் பொறித்தனர். இதனை ‘உறைந்த ஆண்டு’ எனக் குறிக்கலாம். இவ்வாறு பெயர், ஊர், ஆண்டு மூன்றுமே ஏமாற்றக்கூடிய இடத்தில் உலோகப் பதிவு கூடுதல் மதிப்புப் பெறுகிறது.

அச்சில் நேர்ந்த பிழையை ‘அச்சுப்பிழை’ என்றும், கைமாறிக் கைமாறி மழுங்குவதைத் ‘தேய்வு’ என்றும் பிரித்தல் வேண்டும். ‘களிம்பு’ என்னும் சொல்லில்தான் குழப்பம் மிகுதி. செம்பிற் களிம்பைச் சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்திற்கு உவமையாக்கினர். அவ்வுவமையின் வலிமையால் பச்சை என்றாலே கழுவவேண்டியது என்ற எண்ணம் வேரூன்றியது போலும். புளியிட்டுத் தேய்த்த காசு பளபளக்கும். சேகரிப்பாளர் அதனைப் பழுதுற்றதாகவே கொள்வர். காலத்தால் படிந்து உலோகத்தைக் காக்கும் உறுதியான படலத்தைக் ‘காலப்படலம்’ என்றும், பொடியாக உதிர்ந்து உள்ளே தின்னும் குளோரைடுப் பச்சையை ‘அரிகளிம்பு’ என்றும் வழங்க இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.

தோல் வட்டாரத்திற்கே உரிய மூன்றாவது ஒன்றும் உண்டு. தோலிலுள்ள கொழுப்பும் அமிலமும் செம்போடு வினைபுரிந்து மெழுகு போன்ற பச்சைப் படிவைத் தரும். பித்தளைக் குமிழ் பதித்த பழைய தோல்வாரில் இதனைக் காணலாம். மாதனூர்ப் பையிலிருந்த 1944ஆம் ஆண்டுக் காசின் விளிம்பிலும் அதுவே இருந்தது. அக்காசுக்கு எழுதிய பதிவு வருமாறு:

ரூபாய், ஆறாம் ஜார்ஜ், 1944. நால்வகைக் கலவை, வெள்ளி நூற்றுக்கு 50. பாதுகாப்பு விளிம்பு. முகப்பில் மிதமான தேய்வு. விளிம்பில் தோற்பைப் படிவு, கழுவப்படவில்லை. பையிலிருந்து அகற்றி அமிலமற்ற காகித உறையில் இடப்பட்டது.