சம்பளச் சீட்டுக்குள் ஒரு மருத்துவமனை

சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் கண் போவது கடைசி வரிக்குத்தான். கைக்கு எவ்வளவு என்று பார்த்ததும் சீட்டு மடங்கிவிடும். நடுவில் இஎஸ்ஐ பிடித்தம் என்று ஒரு சிறு தொகை இருக்கும். ஐ.டி. நிறுவனமோ வங்கியோ என்றால், ஆண்டுக்கொரு முறை ஹெச்.ஆர். துறையிலிருந்து மெடிக்ளெய்ம் இ-கார்டு மின்னஞ்சலில் வரும். காலோ கையோ முறிந்து, பில்லிங் கவுன்டரில் நிற்கும் நாளில்தான் பலர் அந்த மின்னஞ்சலைத் தேடுகிறார்கள். அது மிகவும் தாமதம். மருத்துவச் செலவில் பணத்தை மிச்சப்படுத்தும் முடிவுகளில் பெரும்பாலானவை நோய் வருவதற்கு முன்பே எடுக்க வேண்டியவை.

முதலில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம். 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இந்தத் திட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் மாதம் ₹21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கானது. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மாதம் ₹18,000 வாங்கும் ஒரு தையல் தொழிலாளியை எடுத்துக்கொள்ளலாம். அவர் சம்பளத்தில் பிடிக்கப்படுவது 0.75 சதவீதம், அதாவது ₹135. முதலாளி தன் பங்காகக் கட்ட வேண்டியது 3.25 சதவீதம், ₹585. மாதம் ₹720-க்கு அந்தத் தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கிறது. அதற்கு இத்தனை லட்சம்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. எந்தத் தனியார் பாலிசியும் இந்த விலைக்கு இதைத் தராது.

ஆனால் இஎஸ்ஐ என்றால் டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்குவது என்ற அளவில்தான் பலர் நினைவில் தங்கியிருக்கிறது. அது தரும் பணப்பலன்கள் அதைவிடப் பெரியவை. மருத்துவர் ஓய்வு சான்று கொடுத்தால், சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நாள் கூலி ₹600 என்றால் நாளொன்றுக்கு ₹420. காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்கள் வந்தால், குறைந்தது இரண்டு ஆண்டு இஎஸ்ஐ வேலையில் இருந்தவர்களுக்கு 80 சதவீத விகிதத்தில் நீட்டிப்பு உண்டு. பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். வேலையில் அடிபட்டுத் தற்காலிகமாக முடங்கினால் 90 சதவீதம். சம்பளம் நின்றுபோன வீட்டில் அரிசிக்கும் வாடகைக்கும் உதவுவது இந்தப் பணம்தான். கேட்காமல் விட்டால் யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய எண் 78. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என ஆண்டு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு அரையாண்டில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான் அதற்கு உரிய பலன் காலத்தில் நோய்க்கால உதவி கிடைக்கும். ஏப்ரல்–செப்டம்பருக்கு உரிய பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. கான்ட்ராக்ட் மாறி மாறி வேலை செய்பவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். புதிய கான்ட்ராக்டர் புதிதாக ஒரு இன்சூரன்ஸ் எண் போட்டுவிட்டால் பழைய நாள்கள் கணக்கில் சேராமல் போகும். ஒரு தொழிலாளிக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே எண்தான். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, வேலையில் சேரும் அன்றே கொடுத்துவிட வேண்டும்.

சம்பளத்தில் பிடித்துவிட்டு இஎஸ்ஐ-க்குக் கட்டாத முதலாளிகளும் உண்டு. இது தொழிலாளியின் பணத்தை எடுத்துக்கொள்வதற்குச் சமம்; சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. அரசின் உமங் செயலியில் சந்தா விவரத்தை அவ்வப்போது பார்க்கலாம். பிடித்தம் இருந்தும் அங்கே பதிவு இல்லை என்றால், சம்பளச் சீட்டின் நகலோடு கிளை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். 1800-11-2526 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. முதலாளியின் பங்கான 3.25 சதவீதத்தையும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே பிடிப்பது தவறு என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சம்பள உயர்வு இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ₹21,000 என்ற வரம்பு 2017 ஜனவரியில் வந்தது. அதன்பின் விலைவாசி ஏறியும் வரம்பு பல ஆண்டுகள் அசையவில்லை. ₹20,500 வாங்கியவருக்கு ₹1,000 கூடினால், குடும்பத்துக்கே வரம்பில்லாத மருத்துவம் கைவிட்டுப் போகிறது. இது அநியாயம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது உடனே போவதில்லை. ஜூன் மாதம் சம்பளம் வரம்பைத் தாண்டினால், செப்டம்பர் 30 வரை சந்தா தொடரும், அதற்கான பலன் அடுத்த ஆண்டு ஜூன் வரை நீளும். ஏறக்குறைய ஓர் ஆண்டு அவகாசம். அதற்குள் நிறுவனத்திடம் குரூப் மெடிக்ளெய்ம் கேட்க வேண்டும், இல்லையென்றால் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிட வேண்டும்.

குரூப் மெடிக்ளெய்மில் பணம் அதிகம் கசியும் இடம் அறை வாடகை. பாலிசியில் அறைக்கு நாளொன்றுக்கு ₹5,000 என்று வரம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனையில் ₹8,000 அறைதான் காலி என்கிறார்கள். மூவாயிரம்தானே, கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று குடும்பம் சம்மதிக்கிறது. நான்கு நாள் தங்கினால் வித்தியாசம் ₹12,000. ஆனால் கணக்கு அதோடு நிற்பதில்லை. கூடுதல் வாடகை அறைக்குப் போனால் மருத்துவர் கட்டணம், அறுவைக் கூடக் கட்டணம் எல்லாமே கூடுகின்றன என்பது காப்பீட்டு நிறுவனத்தின் வாதம். அதனால் அந்தக் கட்டணங்களிலும் ₹8,000-க்கு ₹5,000 என்ற விகிதத்தில், எட்டில் ஐந்து பங்குதான் கொடுப்பார்கள். அந்த வகைக் கட்டணம் ₹1,20,000 என்றால் கிடைப்பது ₹75,000. இன்னொரு ₹45,000 கையிலிருந்து போகிறது. மூவாயிரம் ரூபாய் வித்தியாசம் என்று நினைத்தது ₹57,000-இல் வந்து முடிகிறது.

இதில் நோயாளிக்குச் சாதகமான விதியும் உண்டு. மருந்து, பரிசோதனை, ஸ்டென்ட் போன்ற உள்பொருத்தும் கருவிகள் ஆகியவற்றில் இப்படி விகிதப்படி வெட்டக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் இந்த வெட்டு இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இலேயே இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. பில்லில் இவற்றையும் சேர்த்து வெட்டியிருந்தால், கணக்கை வரி வரியாகக் கேட்க உரிமை உண்டு. அறை எடுக்கும் முன் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: என் பாலிசியில் அறை வரம்பு எவ்வளவு, அதற்குள் எந்த அறை இருக்கிறது?

சேர்க்கும் நேரமும் முக்கியம். வேலையில் சேரும்போதும், பாலிசி ஆண்டு தொடங்கும்போதும்தான் குடும்பத்தைச் சேர்க்க வாசல் திறக்கும். திருமணமானாலோ குழந்தை பிறந்தாலோ நடுவிலும் சேர்க்கலாம், ஆனால் பெரும்பாலான நிறுவனங்களில் அதற்கு ஒரு மாத அளவே அவகாசம். பிரசவ வார்டிலிருந்து ஹெச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப மறந்தால், இன்குபேட்டரில் இருக்கும் குழந்தையின் செலவு முழுதும் வீட்டுத் தலையில் விழும். பெற்றோரைச் சேர்க்கத் தனியாகப் பணம் கேட்டால் பலர் தயங்குகிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருந்தால் தயங்காமல் சேர்ப்பதே நல்லது. தனிநபர் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டி வரலாம். குரூப் பாலிசிகள் பலவற்றில் முதல் நாளிலிருந்தே பலன் உண்டு. கோ-பே, அதாவது பில்லில் நோயாளி கட்ட வேண்டிய பங்கு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

நிறுவனம் தரும் ₹5 லட்சம் பெரிய நோய்க்குப் போதாது. அதற்கு மேல் சொந்தச் செலவில் சூப்பர் டாப்-அப் எடுப்பது, முழுப் பாலிசி எடுப்பதைவிட மலிவு. டாப்-அப், சூப்பர் டாப்-அப் இரண்டும் ஒன்றல்ல. ஓராண்டில் இரண்டு முறை அட்மிட் ஆகி, ஒவ்வொரு முறையும் ₹4 லட்சம் ஆகிறது என்று கொள்வோம். ₹5 லட்சத்துக்கு மேல்தான் தருவோம் என்னும் சாதாரண டாப்-அப், ஒவ்வொரு பில்லையும் தனித்தனியே பார்க்கும். எதுவும் ஐந்தைத் தாண்டவில்லை என்று கையை விரிக்கும். சூப்பர் டாப்-அப் ஆண்டு மொத்தத்தைப் பார்க்கும். ₹8 லட்சத்தில் ஐந்தை நிறுவனத்தின் பாலிசி கொடுக்க, மீதி ₹3 லட்சத்தை இது கொடுக்கும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரீமியத்துக்கு வருமான வரிக் கழிவும் உண்டு.

கேட்காமலே விடப்படும் பணமும் நிறைய. அட்மிட் ஆவதற்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை அதே நோய்க்கான பரிசோதனை, மருந்து, டாக்டர் கட்டணம் ஆகியவற்றைப் பெரும்பாலான பாலிசிகள் தருகின்றன. கேஷ்லெஸ் முடிந்ததும் கணக்கு முடிந்ததாக நினைத்து, முந்தைய ஸ்கேன் பில்லைத் தூக்கிப் போடுகிறார்கள். டயாலிசிஸ், கீமோதெரபி, கண்புரை அறுவை போன்றவற்றுக்கு 24 மணி நேரம் படுத்திருக்க வேண்டியதில்லை. மனநோய்க்கு உடல்நோய்க்கு நிகரான காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மன அழுத்தத்துக்காக மருத்துவமனையில் சேர நேர்ந்தவர் வெட்கப்பட்டு மறைத்து, கடன் வாங்கிக் கட்ட வேண்டியதில்லை.

வேலையை விடும்போது குரூப் பாலிசி பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். ஆனால் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் அல்லது குடும்பப் பாலிசிக்கு மாறிக்கொள்ளும் உரிமையை ஐஆர்டிஏஐ கொடுத்திருக்கிறது. காத்திருப்புக் காலத்தில் ஏற்கெனவே கழிந்த நாள்களும் கணக்கில் சேரும். ஐம்பது வயதைத் தாண்டி வேலை இழப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். விலகும் தேதி முடிவானதுமே, கடைசி நாளுக்கு முன்பாக, எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

க்ளெய்மை மறுத்துவிட்டால்? பலர் அங்கேயே ஓய்ந்துவிடுகிறார்கள். 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்; டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால், அந்தச் செலவு காப்பீட்டு நிறுவனத்தைச் சேர்ந்தது. மறுப்புக்கான காரணத்தை, பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்மைப் பரிசீலிக்கும் இடைநிலை நிறுவனமான டிபிஏ சொன்னது கடைசித் தீர்ப்பு அல்ல. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். குரூப் பாலிசி புகார்களையும் அவர் விசாரிப்பார். ₹50 லட்சம் வரையிலான இழப்புக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். ஆம்புட்ஸ்மேன் தரும் தீர்ப்பு காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் அதை நிறைவேற்றாவிட்டால், புகார்தாரருக்கு நாளொன்றுக்கு ₹5,000 வீதம் அந்த நிறுவனம் கொடுக்க வேண்டும்.